48 தை... 47 பொங்கல் பானை!
ஒரு டெல்டா குடும்பத்தின் பண்டிகைக் கணக்கு

மன்னார்குடி வட்டத்தில், பாமணி ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது அந்தச் சிற்றூர். அங்கே ஓர் ஓட்டு வீட்டுப் பரணில் வெண்கலப் பானை ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, போகிக்கு முதல்நாள் அதை இறக்குவார்கள். புளி போட்டுத் தேய்த்து வெயிலில் வைப்பார்கள். அந்த வேலையை வேறு யாரிடமும் விடாமல் செய்பவர் 68 வயதாகும் அந்த வீட்டு அப்பாயி. 1978-ல் தலைப்பொங்கல் சீராக வந்த பானை அது. 2025 பொங்கலோடு 48 தை பிறந்துவிட்டது. அதில் 47 முறை அந்தப் பானை அடுப்பேறியிருக்கிறது. ஒரே ஒரு வருடம் ஏறவில்லை.

பானைக்குப் பக்கத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறது. அப்பாயியின் வீட்டுக்காரர் எழுதி வைத்த நீளவாட்டு நோட்டுகள். அவற்றில் ஏப்ரல், மே என்ற கணக்கே கிடையாது. 'ஆடிப்பெருக்கு', 'தீபாவளி', 'பொங்கல்' என்றுதான் தலைப்பு இருக்கும். அதன் கீழே வரவு, செலவு, பாக்கி. பண்டிகையும் வெள்ளாமையும் ஒரே வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளாக இருந்த காலத்தில் தொடங்கிய கணக்கு அது. எந்த ஆண்டில் அவை தனித்தனியாக இழுக்க ஆரம்பித்தன என்பதும் அந்த நோட்டுகளிலேயே தெரிகிறது.

புயலில் வந்த தலைப்பொங்கல்

1977 ஆவணியில் கல்யாணம். ஒரத்தநாடு பக்கம் பிறந்த வீடு. ஐப்பசியில் தலைதீபாவளிக்குப் புதுமாப்பிள்ளையும் பெண்ணும் அங்கே போயிருந்தார்கள். தீபாவளி முடிந்த கையோடு, நவம்பர் 12-ம் தேதி, நாகப்பட்டினம் அருகே பெரும்புயல் கரையைக் கடந்தது. கிடைத்த வண்டியில் பாதித் தூரமும் நடையாகப் பாதித் தூரமும் கடந்து ஊர் திரும்பியபோது வீட்டின் கூரையைக் காணவில்லை. நட்டு வேர்பிடித்திருந்த சம்பா தண்ணீருக்குள் கிடந்தது.

"எங்க மாமியார் ஒரு வார்த்தை குறை சொல்லல. 'வந்த நேரம்'னு யாராச்சும் சொல்லிடுவாங்களோன்னு எனக்குத்தான் நெஞ்சு படபடன்னு இருந்துச்சு" என்கிறார் அப்பாயி.

தை பிறந்தபோது வீட்டில் புது நெல் இல்லை. போகியன்று காலையில் அவருடைய அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். தலையில் அரிசி மூட்டை. கையில் வெண்கலப் பானை, கரும்புக்கட்டு, மஞ்சள்கொத்து. சம்பந்தி வீட்டு வயல் போனது தெரிந்து, சீர் அரிசியோடு வீட்டுச் சாப்பாட்டுக்கும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கொட்டகைக்குக் கீழே முதல் பொங்கல் பொங்கியது. பொங்கல் வரிசை என்ற பெயரில் பிறந்த வீட்டிலிருந்து வருவது வெறும் சடங்கு மட்டுமல்ல. ஒரு வயல் பொய்த்தால் இன்னொரு வயல் கைகொடுக்கும் ஏற்பாடும் அதற்குள் இருந்தது. ஆற்றுப் பாசன ஊரில் பெண் எடுத்து, தள்ளியிருக்கும் இன்னொரு பாசன ஊரில் பெண் கொடுத்த பழக்கத்தால் கிடைத்த பலன்களில் இதுவும் ஒன்று.

மூன்று பண்டிகை, ஒரே கணக்கு

1980-களின் நோட்டுகளைப் புரட்டினால் கணக்கு நேராக ஓடுகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. அது புரட்டாசி, ஐப்பசியில் அறுவடையாகும். அந்த நெல் விற்ற காசுதான் தீபாவளி. ஆடிப்பெருக்கை ஒட்டி நாற்றங்காலில் விழும் நீண்டகாலச் சம்பா, மார்கழிக் கடைசியில் தலை சாயும். அந்த நெல்தான் பொங்கல்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆடி 18-க்கும் தை 1-க்கும் இடையே ஏறக்குறைய 165 நாள். நம் பகுதியில் நீண்டகாலச் சம்பா ரகங்களின் வயது 150 நாளுக்கு மேல், 160 நாள் வரை. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததும் விதைவிட்டால், அறுத்து, அடித்து, காயவைத்து, குத்திப் புடைத்துப் பானையில் போட, சரியாக நான்கைந்து நாள் மிச்சம் இருக்கும். காப்பரிசி கிளறும் நாளும் சர்க்கரைப் பொங்கல் வைக்கும் நாளும் ஒரு பயிரின் இரண்டு முனைகள்.

அப்போது வீட்டில் 11 பேர். மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன், ஒரு நாத்தனார், பிள்ளைகள். மன்னார்குடி ஜவுளிக்கடையில் ஒரே துணியில் பீஸ் எடுத்து அத்தனை பையன்களுக்கும் சட்டை தைப்பார்கள். தீபாவளியன்று தெருவில் யார் வீட்டுப் பிள்ளை என்று சட்டையை வைத்தே சொல்லிவிடலாம். குறுவை அறுவடை தள்ளிப்போனால் கடைக்காரர் பாக்கி எழுதிக்கொள்வார். நெல் போட்டதும் அடைத்துவிடுவார்கள். பெரும்பாலான ஆண்டுகளில், 'தீபாவளி பாக்கி' என்ற வரி கார்த்திகைக்குள் அடிக்கப்பட்டிருக்கிறது.

போகிக்குச் சுண்ணாம்பு அடித்து, காவி இழுப்பார்கள். மாட்டுப் பொங்கலுக்கு இரண்டு ஜோடி உழவு மாடுகளுக்கும் மூன்று பசுக்களுக்கும் கொம்பில் வர்ணம் பூச, முதல்நாள் ராத்திரியே பிள்ளைகளுக்குள் சண்டை வந்துவிடும். அறுப்புக்கு வரும் குடும்பங்களுக்குக் கூலி நெல்லை அளந்து போட்ட பிறகுதான் களத்தைக் கூட்டுவார்கள். "அவங்க வீட்டுப் பானையும் அந்த நெல்லைத்தான் நம்பி இருந்துச்சு. மழை பெஞ்சு அறுப்பு தள்ளிப்போனா, எங்களுக்குக் குதிர்ல பழசாவது இருக்கும். அவங்களுக்கு அதுவும் இருக்காது. அந்தக் காலம் எல்லாருக்கும் நல்ல காலம்னு நான் சொல்ல மாட்டேன்" என்கிறார் அப்பாயி.

மே மாத விடுமுறை வேறு மாதிரி. அறுத்த வயலில் எடுத்த உளுந்தும் பயறும் மார்ச், ஏப்ரலிலேயே வீட்டுக்கு வந்திருக்கும். காய்ந்து வெடித்த வயலில் ஆட்டுக்கிடை கட்டுவார்கள். நாத்தனார் பிள்ளைகள் ஒரு மாதம் வந்து தங்குவார்கள். செலவில்லாத விருந்து அது. நுங்கு, மாங்காய், திண்ணையில் தூக்கம். நோட்டில் மே மாதத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

தேதி மாறாத தீபாவளி, தேதி மாறிய தண்ணீர்

1990-களில் நோட்டின் போக்கு மாறுகிறது. தண்ணீர் வரும் தேதி நிச்சயமில்லாமல் போன ஆண்டுகளில் 'குறுவை இல்லை' என்ற இரண்டு வார்த்தை வருகிறது. அதற்குக் கீழேயே 'தீபாவளி' என்ற தலைப்பும் வருகிறது. வரவுப் பக்கத்தில் நெல் இருந்த இடத்தில் இப்போது 'நகை' என்று எழுதியிருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் கடன் எங்கே தொடங்கியது என்று தேடினால், விதையிலோ உரத்திலோ அல்ல, இந்த இடத்தில்தான் தொடங்கியது. குறுவை போனது. ஆனால், குறுவைக் காசில் நடந்த தீபாவளி போகவில்லை. மகளுக்கு 2000-ல் கல்யாணமானது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடவேண்டியிருந்தது. அடுத்த தையில் பொங்கல் வரிசை. ஒரு போகக் காசில் இரண்டு போகத்துப் பண்டிகையும் நடக்கவேண்டிய நிலை வந்தது. ஐப்பசியில் அடகு வைத்த சங்கிலி தையில் திரும்பும். சில ஆண்டுகளில் வட்டி மட்டும் கட்டப்பட்டு, அது அங்கேயே இருக்கும்.

இதற்கிடையே உழவு மாடுகள் போய் டிராக்டர் வந்தது. பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. கையறுப்புக்கு ஆள் கிடைக்காத நேரத்தில் அது பெரிய உதவி. மறுக்கவே முடியாது. மழைக்கு முன் அறுத்து எடுத்துவிடலாம். ஆனால், இயந்திரம் கொட்டும் நெல் வயலிலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. களம் வேண்டாம், குதிர் வேண்டாம். நீள வைக்கோல் கிடைக்காததால் போர் சிறுத்தது. போர் சிறுத்ததால் மாடு குறைந்தது. நின்ற பயிரில் தெளித்த உளுந்து, இயந்திரச் சக்கரத்தில் நசுங்கியது. ஒருநாள் அப்பாயி கவனித்தார். ஐந்து ஏக்கர் சம்பா விளைந்த வீட்டில், பொங்கலுக்கு அரிசி கடையிலிருந்து வந்திருந்தது.

2017: பானைக்கு முன்னால் ஒரு பேச்சு

2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. 2016-ல் செப்டம்பர் 20-ல்தான் திறந்தார்கள். வடகிழக்குப் பருவமழையும் அந்த ஆண்டு 60 சதவிகிதத்துக்கு மேல் குறைந்துபோனது. நேரடி விதைப்பாகப் போட்ட சம்பா முழங்கால் உயரத்திலேயே கருகியது. 2017 ஜனவரி 10-ல் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நான்கு நாள் கழித்துப் பொங்கல்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மூத்த மகன் நான்கு நாள் லீவில் வந்திருந்தார். பொங்கலுக்கு முதல்நாள் ராத்திரி, சாப்பிட்டு முடித்ததும் பேச்சை எடுத்தார். "மூணு ஏக்கரைக் கொடுத்துடலாம்ப்பா. நகையைத் திருப்பலாம், கடனை அடைக்கலாம். தம்பியும் என்கூட வந்துடட்டும். எதுக்காக இதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும்?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. இளைய மகன் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலை, "இந்த வருஷம் பானை வேண்டாம்" என்று மட்டும் சொன்னார் பெரியவர். 40 வருடத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத அப்பாயி, அன்றைக்குப் பேசினார். "பயிர் செத்ததுக்குப் பானை என்ன பாவம் பண்ணுச்சு? பேரப்பிள்ளைங்க குளிச்சுட்டு வந்து நிக்கிது. நான் அடுப்பு மூட்டுறேன்." ரேஷன் பச்சரிசியில் பொங்கல் வைத்தார். பெரியவர் வாசலுக்கு வந்து நின்றார்.

கடைசியில் மூன்று ஏக்கர் போகவில்லை. ஒரு ஏக்கர் போனது. வாய்க்காலை ஒட்டிய ஏக்கர். வாங்க ஆள் இருந்தது அதற்கு மட்டும்தான். நகை திரும்பியது. கடனில் பெரும்பகுதி அடைந்தது. நோட்டில் அந்த விற்பனைக்கு மட்டும் எந்தப் பண்டிகைத் தலைப்பும் இல்லை. வெறும் தேதிதான் இருக்கிறது.

அடுத்த ஆண்டு, 2018 நவம்பர் 16-ல் கஜா புயல். வீட்டைச் சுற்றி நின்ற 14 தென்னைகளும் சாய்ந்தன. 2019 பொங்கலுக்கு முதல்முறையாகத் தேங்காயைக் கடையில் வாங்கினார்கள். அந்த ஆண்டும் பிறந்த வீட்டு வரிசை வந்தது. இந்தமுறை அப்பா இல்லை. தம்பி மகன்கள் அரிசி மூட்டையோடும் தார்பாயோடும் வந்தார்கள்.

ஏறாத பானை

2020 புரட்டாசியில் பெரியவர் காலமானார். அந்த ஆண்டு ஜூன் 12-ல் தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார். துக்க வருடம் என்பதால் 2021 தையில் பானையை இறக்கவில்லை. அதே நாட்களில், அறுவடைக்கு நின்ற சம்பாவில் விடாமல் மழை கொட்டியது. சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்தது. "அவங்க இல்லாத பொங்கல்ல எதையும் நான் பார்க்கல. மழையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்கிறார் அப்பாயி.

அந்த ஆண்டு ஆடியில், இளைய மகனிடம் அவர் ஒன்று கேட்டார். "மெஷின் இறங்குறதுக்கு வயல் மூலையைக் கையால அறுத்துத்தானே விடுறீங்க? அந்த மூலையில பத்து சென்ட் எனக்கு விடு. வீட்டு நெல்லு போட்டுக்குறேன்."

மகனுக்கு முதலில் பிடிக்கவில்லை. தனி ரகம், தனி அறுப்பு, தனிக் கூலி, இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்டார். "உங்கப்பன் நோட்டை எடுத்துப் பாரு. எந்த வருஷம் நம்ம வீட்டுக்கு அரிசி வாங்கினோமோ, அந்த வருஷத்துல இருந்துதான் எல்லாத்தையும் வாங்க ஆரம்பிச்சோம்" என்றார் அப்பாயி. மருமகள்தான் முதலில் சம்மதித்தார். மாதாமாதம் அரிசிக்கடைக்குப் பணம் கொடுப்பவர் அவர்தானே!

2022 பொங்கலுக்கு அந்த மூலையில் அறுத்த நெல்லில்தான் பானை பொங்கியது. மாமியாரும் மருமகளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் ஒரே காலையில் அறுத்து முடித்தார்கள். கல்லூரியில் படிக்கும் பேரன் கட்டைத் தூக்கிவந்து பலகையில் அடித்தார். இரண்டு நாள் கை காய்த்துப்போனது. அந்தப் பத்து சென்ட் வைக்கோல், வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே பசுவுக்குத் தனிப்போராக நின்றது. உடன் அறுத்த இரண்டு பெண்களுக்கும் கூலியோடு புத்தரிசிக்கு ஆளுக்கு ஒரு மரக்கால் நெல்லும் போனது.

மருமகள் இன்னொரு மாற்றத்தையும் செய்தார். சம்பா நெல் போட்ட பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும், தீபாவளிக்கு என்று ஒரு தொகையைப் பிரித்து மகளிர் குழுச் சேமிப்பில் போட்டுவிடுகிறார். குறுவை வந்தால் அது லாபம். வராவிட்டால் ஐப்பசியில் நகையைத் தேடவேண்டாம். 2024-ல் ஜூலை 28-ல்தான் அணை திறந்தது. ஆற்றுத் தண்ணீரை நம்பிய குறுவை அந்த ஆண்டும் இல்லை. ஆனாலும், தீபாவளிக்குச் சங்கிலி கழுத்திலேயே இருந்தது. பெரியவரின் நோட்டைத் தொடர்ந்து இப்போது எழுதுபவரும் மருமகள்தான். தலைப்புகள் அதேதான். 'தீபாவளி' என்ற தலைப்பின் கீழ் வரவுப் பக்கத்தில் 'போன தை சேமிப்பு' என்று இருக்கிறது.

2025 பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து மூத்த மகன் குடும்பம், மகள் குடும்பம் என்று 13 பேர் கூடினார்கள். நான்கு நாள்தான். காணும் பொங்கல் முடிந்த ராத்திரியே பஸ். 11 பேர் வருடம் முழுக்க இருந்த வீட்டில், இப்போது நான்கு நாள் 13 பேர். புறப்படும்போது மூத்த மகன் 10 கிலோ வீட்டு அரிசியைப் பையில் வாங்கிக்கொண்டார். "திருப்பூர்ல அரிசி கிடைக்காதா?" என்று மகள் கேலி செய்ய, அவர் சிரித்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். 2017 பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அவர்கள் போனபின் அப்பாயி பானையைத் தேய்த்துப் பரணில் ஏற்றினார். காயவைத்த விதைநெல்லில் வேப்பிலை, நொச்சி இலை கலந்து, மூடி போட்ட வாளியில் அடைத்துப் பானைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அடுத்த ஆடியில் முதலில் இறங்கவேண்டியது அந்த வாளிதான்.

பெட்டிச்செய்தி
பொங்கலுக்கு வீட்டு நெல்: பின்னோக்கி ஒரு கணக்கு

பொங்கலுக்குப் புத்தரிசி வேண்டுமென்றால், ஜனவரி 5 முதல் 10-க்குள் அறுவடை முடியவேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளை முடிவுசெய்யுங்கள்.

* 155 – 160 நாள் ரகம் (சி.ஆர்.1009 போன்றவை): ஆடிப்பெருக்கை ஒட்டி நாற்றங்கால் விடவும். வெள்ளம் தேங்கும் வயலுக்கு, நீரில் மூழ்குவதைத் தாங்கும் சி.ஆர்.1009 சப்-1 ஏற்றது.

* 130 நாள் ரகம் (டி.கே.எம்.13 போன்றவை): ஆகஸ்ட் கடைசி வாரத்தில் விதைக்கலாம்.

* 110 நாள் ரகத்தைச் செப்டம்பர் நடுவில் விதைத்தாலும் பொங்கலுக்கு வரும். ஆனால், நட்ட இளம்பயிர் கனமழையில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். வேறு வழியில்லை என்றால் மட்டும் போடவும்.

* பாரம்பர்ய ரகம் என்றால், விதை கொடுப்பவரிடம் வயதை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பகுதியில் எந்த வாரம் அறுத்தார்கள் என்று கேளுங்கள். சில ரகங்கள் பகல்நேரம் குறையும் காலத்தைப் பார்த்துத்தான் பூக்கும். உயரமாக வளர்ந்து சாயும் ரகங்களுக்குத் தழைச்சத்தைக் குறைத்துக் கொடுக்கவும்.

* ஏக்கருக்கு 2 டன் மகசூல் என்று குறைத்தே வைத்தாலும், 10 சென்டில் 200 கிலோ நெல் கிடைக்கும். அரைத்தால் ஏறக்குறைய 120 கிலோ அரிசி. நீண்டகால ரகத்துக்கு 10 சென்டுக்கு ஒன்றேகால் கிலோ விதை போதும்.

* கதிரில் 80 சதவிகித மணிகள் பழுத்ததும் அறுக்கலாம். அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடவும்.

* நெல்லை ஒரே நாளில் சுடுவெயிலில் காயவைத்தால் அரைக்கும்போது நொய் விழும். மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறி, இரண்டு மூன்று நாளில் காயவைக்கவும். ஈரப்பதம் 14 சதவிகிதத்துக்குக் கீழே வந்தபின் ஆலைக்குக் கொண்டுபோகலாம். நெல்லைக் கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று உடையவேண்டும்.

* புத்தரிசி சீக்கிரம் குழையும். பழைய அரிசிக்கு வைக்கும் அளவைவிடத் தண்ணீரைக் குறைத்து வைக்கவும்.

* விதைக்கென்று வயலின் நடுப்பகுதியில், கலப்பில்லாத கதிர்களைத் தனியாக அறுத்து வைக்கவும்.

உங்கள் வயலுக்கு எந்த ரகம் பொருந்தும் என்பதை, ஆடி பிறக்கும் முன்பே அருகில் உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு முடிவுசெய்துகொள்ளுங்கள்.